டிப்ஸில் கடைக்குப் பங்கு இல்லை: டெக்சஸில் உணவகம் நடத்தும் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

உணவகம் நடத்தும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,

போன மாதம் என்னோடு முன்பு வேலை பார்த்த ஒரு பெண் எனக்கு ஒரு படம் அனுப்பினாள். அடுக்களைக்குள் போகும் கதவை ஒட்டி, கை கழுவச் சொல்லும் அறிவிப்புக்குக் கீழே, டேப் போட்டு ஒட்டிய ஒரு தாள். "டிப்ஸுக்கு இனிமேல் வரி கிடையாது. ஆகவே அடுத்த வாரத்திலிருந்து எல்லா டிப்ஸிலும் பத்து சதவீதம் கடைக்கு எடுத்துக்கொள்ளப்படும். ஒத்துழைப்புக்கு நன்றி." கீழே ஒரு கையெழுத்து. படத்தோடு அவள் எழுதியிருந்தது ஒரே வரி: "அக்கா, இப்படிச் செய்யலாமா?"

செய்யக் கூடாது. அவளுக்கு அன்றைக்கே பதில் சொல்லிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி உண்மையில் உங்களிடம் கேட்க வேண்டியது. அதனால்தான் இந்த மடல். அது எந்தக் கடை என்று எழுதப் போவதில்லை. ஒரு கடையை மட்டும் மாட்டிவிட்டு என்ன ஆகப் போகிறது? அந்தக் கடை எழுதி ஒட்டியது. எழுதாமலே இதே வேலையைச் செய்த கடையிலும் நான் இருந்திருக்கிறேன்.

2021இலிருந்து 2024 கடைசி வரை, மூன்றரை வருடம், டாலஸ் பக்கம் இரண்டு தென்னிந்திய உணவகங்களில் சர்வராக இருந்தேன். தட்டு எடுத்தேன், சாம்பார் ஊற்றினேன், மேசை துடைத்தேன், சனிக்கிழமை வாசலில் நாற்பது பேர் நிற்கும்போது பெயர் எழுதி வரிசையைப் பார்த்துக்கொண்டேன். இப்போது ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் மணிக்கணக்குச் சம்பளத்துக்கு வேலை செய்கிறேன். என்னை இனி நீங்கள் யாரும் வேலையை விட்டு நிறுத்த முடியாது. இன்னும் உங்களிடம் வேலை பார்ப்பவர்களால் இதை எழுத முடியாது என்பதால் நான் எழுதுகிறேன்.

முதலில் உங்களுக்குச் சட்டம் கொடுத்திருப்பது என்ன என்று பார்ப்போம். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். 2009 ஜூலையிலிருந்து அதுதான். டெக்சஸ் தனக்கென்று கூடுதலாக எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. டிப்ஸ் வாங்கும் ஆளாக இருந்தால் முதலாளி கையிலிருந்து 2.13 டாலர் கொடுத்தால் போதும், மீதி 5.12 டாலரை வாடிக்கையாளர் தரும் டிப்ஸிலிருந்து கணக்கில் காட்டிக்கொள்ளலாம். இதைத்தான் டிப் கிரெடிட் என்கிறார்கள்; கழிவு என்று நான் கீழே எழுதுவது இதைத்தான். இந்த ஏற்பாடு 1966இல் வந்தது. 1991இல் குறைந்தபட்சக் கூலி 4.25 டாலர் ஆனபோது, அதில் பாதி என்று 2.13 வந்தது. அப்புறம் 1996இல் அந்த 'பாதி' என்ற தொடர்பையே அறுத்து 2.13ஐ அப்படியே நிறுத்திவிட்டார்கள். அன்றிலிருந்து அரிசி மூட்டை ஏறியிருக்கிறது, வாடகை ஏறியிருக்கிறது, உங்கள் மெனு அட்டையில் தோசை விலையும் ஏறியிருக்கிறது. 2.13 மட்டும் ஏறவில்லை.

இந்தச் சலுகையை நீங்கள் வாங்கிக்கொள்வது சட்டப்படி சரி. என் வழக்கு அதோடு இல்லை. அந்தச் சலுகை சும்மா வரவில்லை, நிபந்தனைகளோடு வந்தது. உங்களுக்கு 5.12 டாலர் மிச்சம் என்றால் அதற்கு ஈடாக மூன்று காரியம் செய்ய வேண்டும். இப்படி ஒரு கழிவு எடுக்கப் போகிறேன் என்று வேலைக்குச் சேரும்போதே ஆளிடம் சொல்ல வேண்டும். வரும் டிப்ஸ் முழுவதும் வேலை செய்தவர்களிடமே இருக்க வேண்டும். 2.13உம் டிப்ஸும் சேர்ந்து 7.25 வராத வாரத்தில் குறையும் தொகையை நீங்கள் கையிலிருந்து போட வேண்டும். நான் பார்த்தவரை சலுகையை எடுத்துக்கொள்ள ஒருவரும் மறக்கவில்லை. நிபந்தனைகளைத்தான் மறந்துவிடுகிறீர்கள்.

நான் சேர்ந்த அன்று என்னிடம் சொன்னது, "சம்பளம், டிப்ஸ் எல்லாம் சேர்ந்து நல்லா வரும்க்கா." அவ்வளவுதான். முதல் சம்பளச் சீட்டு வந்த பிறகுதான் 2.13 என்ற எண்ணையே பார்த்தேன். ஏதோ அச்சுப் பிழை என்று நினைத்துக் கல்லாவில் போய்க் கேட்டேன். முன்கூட்டியே சொல்லாத முதலாளிக்கு அந்தக் கழிவை எடுக்கும் உரிமையே கிடையாது, முழு 7.25ஐயும் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவந்தது வேலையை விட்ட பிறகு.

அந்த முதல் சீட்டிலிருந்துதான் நோட்டு எழுத ஆரம்பித்தேன். என் மகள் பாதி எழுதி விட்ட பள்ளிக்கூட நோட்டு. அட்டையில் அவள் கையெழுத்தில் 'கணக்கு' என்று இருக்கும். தேதி, வந்த நேரம், போன நேரம், ரொக்க டிப்ஸ், கார்டு டிப்ஸ். தினமும் வேலை முடிந்து காரில் உட்கார்ந்து, வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால் எழுதிவிடுவேன். இப்போது அது என் முன்னால் திறந்து கிடக்கிறது.

2023 பிப்ரவரி தொடக்கம். டாலஸ் முழுக்கச் சாலையில் ஐஸ் கட்டிப் போயிருந்த வாரம் உங்களுக்கு நினைவிருக்கும். நாங்கள் கடை திறந்திருந்தோம். கண்ணாடிக்கு வெளியே வாகன நிறுத்தம் வெறிச்சென்று கிடந்தது. மதியம் முழுக்க இரண்டு மேசை. ஒரு வயதான தம்பதி ரசம் மட்டும் கேட்டுக் குடித்துவிட்டு, பாவம், ஐந்து டாலர் வைத்துவிட்டுப் போனார்கள். அந்த வாரம் நான் வேலை செய்தது 31 மணி நேரம். டிப்ஸ் 104 டாலர். உங்கள் கூலி 31 மணிக்கு 2.13 வீதம் 66.03. இரண்டும் சேர்ந்தால் 170.03. 31 மணி நேரத்துக்குக் குறைந்தபட்சக் கூலி 224.75. குறை 54.72.

வெள்ளிக்கிழமை சம்பளச் சீட்டில் அந்த 54.72 இல்லை. முதலாளியிடம் நோட்டைக் காட்டினேன். அவர் கெட்ட மனிதர் இல்லை, சத்தம்கூடப் போடவில்லை. "பனி நேரம்க்கா, எனக்கும்தான் நஷ்டம். அடுத்த வாரம் கூட்டம் வரும், சரியாப் போயிடும்" என்றார். அடுத்த வாரம் கூட்டம் வந்தது. டிப்ஸும் வந்தது. அவர் சரியாகப் போய்விட்டது என்றே நினைத்திருப்பார்.

சரியாகப் போகவில்லை. சட்டம் ஒவ்வொரு வாரத்தையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறது. பனி வாரத்தின் பள்ளத்தை அடுத்த வாரத்து டிப்ஸைக் கொட்டி நிரப்ப முடியாது, ஏனென்றால் அடுத்த வார டிப்ஸ் என்னுடையது. என் பணத்தை எடுத்து நீங்கள் எனக்குத் தர வேண்டிய கடனை அடைத்திருக்கிறீர்கள். 54.72 உங்களுக்குப் பெரிய தொகையாகத் தெரியாது. எங்கள் வீட்டில் அது அந்த மாத மின்சாரக் கட்டணத்தில் ஒரு பங்கு. கணவருக்கு வேலை இல்லாத வருடம் அது.

நல்ல நாட்களும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். சனிக்கிழமை இரவு ஒன்றில் 140 டாலர் டிப்ஸோடு வீட்டுக்குப் போயிருக்கிறேன். "மணிக்கு இருபது டாலர் சம்பாதிக்கிறீங்க, இதுக்கு மேல என்ன?" என்று நீங்கள் சொல்லும்போது அந்தச் சனிக்கிழமைதான் உங்கள் கண்ணில் நிற்கிறது. எங்களுக்குச் செவ்வாய்க்கிழமையும் நினைவிருக்கிறது. நம் கடைகளில் மதிய பஃபே என்றால் பாதிப் பேர் டிப்ஸ் வைப்பதில்லை, நாமேதானே போட்டுச் சாப்பிட்டோம் என்று. தண்ணீர் ஊற்றியதும், ஏழு தட்டு எடுத்ததும், குழந்தை கொட்டிய லஸ்ஸியைத் துடைத்ததும் யார்? பார்சல் கட்டும் வேலைக்கும் ஒன்றும் வராது. பிறந்தநாள் விருந்துக்கு நூறு பேர் சாப்பாடு கட்டி வண்டியில் ஏற்றிய நாளில் எனக்கு வந்த டிப்ஸ் பூஜ்யம்.

தீபாவளி வாரம் இன்னொன்று. அந்த வாரம் 52 மணி நேரம். நாற்பதுக்கு மேல் உள்ள 12 மணிக்கு ஒன்றரை மடங்கு கூலி. எனக்குப் போட்டது மணிக்கு 3.20. அதாவது 2.13ஐ ஒன்றரையால் பெருக்கியிருக்கிறார்கள். அது தப்பு. 7.25ஐத்தான் ஒன்றரையால் பெருக்க வேண்டும், 10.88 வரும், அதிலிருந்து 5.12ஐக் கழித்தால் 5.76. மணிக்கு 2.56 குறைத்துக் கொடுத்திருக்கிறார்கள், 12 மணிக்கு 30.72. இதை யாரும் வேண்டுமென்று செய்ததாக நான் நினைக்கவில்லை. சம்பளக் கணக்குப் போட்டவருக்குத் தெரியவில்லை, முதலாளி பார்க்கவில்லை. ஆனால் பால்காரர் ஒரு பெட்டி குறைத்து இறக்கினால் ஒரு மணி நேரத்தில் கண்டுபிடிக்கிற நீங்கள், இதை மூன்று தீபாவளியாகக் கண்டுபிடிக்கவில்லை.

பில் கட்டாமல் எழுந்து போன மேசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐந்து இளைஞர்கள், வெள்ளிக்கிழமை இரவு. மசாலா தோசை, பரோட்டா, இரண்டு முறை ஃபில்டர் காபி. நான் அடுத்த மேசைக்குக் குழந்தை நாற்காலி எடுத்துப் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் ஆள் இல்லை. பில் 86 டாலர் சொச்சம். இரவு கடை அடைத்த பிறகு மேனேஜர் டிப்ஸ் டப்பாவைக் கல்லா மேல் கவிழ்த்தார். ஒரு டாலர் நோட்டுகளை விரலில் எச்சில் தொட்டு எண்ணி எண்பத்தாறை ஒரு பக்கம் ஒதுக்கினார். மிச்சத்தை என் பக்கம் தள்ளினார். பதினொரு டாலர். "உங்க மேசைதானேக்கா" என்றார். எட்டு மணி நேரம் நின்ற கால் அது. நான் ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இன்றைக்கும் நான் பேசாமல் வந்ததைத்தான் நினைத்து வருத்தப்படுகிறேன்.

அவர் செய்தது சட்டத்துக்குப் புறம்பு. காரணம் எளிது. 5.12 கழிவு எடுக்கும்போது உங்கள் கணக்குப்படியே எங்களுக்குக் கிடைப்பது குறைந்தபட்சக் கூலிதான். அதிலிருந்து ஒரு செண்ட் எடுத்தாலும் கூலி அந்தக் கோட்டுக்குக் கீழே போய்விடும். எழுந்து போன மேசை, உடைந்த தட்டு, கல்லாவில் குறைந்த பணம், கடை பெயர் போட்ட கறுப்புச் சட்டைக்குப் பிடித்த 18 டாலர் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். வியாபாரத்தில் வரும் நஷ்டம் வியாபாரம் நடத்துபவருடையது. லாபம் வந்த சனிக்கிழமை எங்களைப் பங்குக்குக் கூப்பிட்டீர்களா?

அந்த மேனேஜர் முதலாளியின் மைத்துனர். இரவு டிப்ஸைப் பிரிக்கும்போது அவருக்கும் ஒரு பங்கு. "நானும்தான் ஓடுறேன்" என்பார். ஓடினார், உண்மை. ஆனால் 2018 மார்ச்சில் அமெரிக்கக் காங்கிரஸ் இதைச் சட்டத்திலேயே எழுதிவிட்டது: முதலாளியோ மேனேஜரோ மேற்பார்வையாளரோ ஊழியர்களின் டிப்ஸை எந்தக் காரணத்துக்காகவும் வைத்துக்கொள்ளக் கூடாது. கழிவு எடுத்தாலும் சரி, முழுக் கூலி கொடுத்தாலும் சரி, கூடாது. மேனேஜர் தானே ஒரு மேசைக்கு முழுக்கப் பரிமாறி, அந்த வாடிக்கையாளர் அவருக்கென்று கொடுத்தால் அதை வைத்துக்கொள்ளலாம். பொது டப்பாவில் கை வைக்க முடியாது. சுவரில் ஒட்டிய அந்தத் தாள் சொல்லும் 'பத்து சதவீதம் கடைக்கு' என்பதும் இதே சட்டத்தில்தான் அடிபடுகிறது. கார்டில் வரும் டிப்ஸுக்கு வங்கி பிடிக்கும் கட்டணத்தை அந்த அளவுக்கு மட்டும் கழித்துக்கொள்ள இடம் இருக்கிறது, அதை நான் கேட்கவில்லை. பத்து சதவீதம் எந்த வங்கியும் பிடிப்பதில்லை.

அந்தத் தாளில் சொன்ன காரணத்தையும் பார்த்துவிடலாம். 2025 ஜூலை 4ஆம் தேதி கையெழுத்தான சட்டம், 2025 முதல் 2028 வரை, ஆண்டுக்கு 25,000 டாலர் வரையான டிப்ஸை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள விடுகிறது. சோஷியல் செக்யூரிட்டி என்ற ஓய்வூதியத்துக்கும் மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கும் பிடிப்பது அப்படியே தொடர்கிறது. சரி, வருமான வரியில் எங்களுக்கு எவ்வளவு மிச்சம்? வாரம் 38 மணி நேரம், வருடம் முழுக்க ஒரு வாரம்கூட விடாமல், மணிக்கு 7.25 சம்பாதிக்கும் ஒருவரின் ஆண்டு வருமானம் 14,326 டாலர். வருமான வரிக் கணக்கில் பொதுவாகக் கழித்துக்கொள்ள விடும் நிலையான கழிவே தனி ஆளுக்கு 2025இல் 15,750 டாலர். அவர் வருமான வரி கட்டும் நிலையிலேயே இல்லை. டெக்சஸில் மாநில வருமான வரியும் கிடையாது. அவருக்கு இந்தச் சட்டத்தால் ஒரு டாலரும் கூடவில்லை. கூடாத பணத்தில் நீங்கள் பத்து சதவீதம் கேட்கிறீர்கள். அப்படியே கூடியிருந்தாலும் அது சர்வருக்குக் கொடுத்த சலுகை, கடைக்குக் கொடுத்தது இல்லை.

இதைவிட எனக்கு அதிகம் வலித்தது காலை நேரம். கடை பதினொன்றரைக்குத்தான் திறக்கும். நாங்கள் ஒன்பதரைக்கே வந்துவிட வேண்டும். சின்ன வெங்காயம் உரிக்க, தேங்காய்ச் சில்லு நறுக்க, சட்னிக் கிண்ணம் நிரப்ப, நாப்கினில் கரண்டி சுற்ற. வாடிக்கையாளர் ஒருவரும் இல்லாத அந்த இரண்டு மணி நேரத்துக்கும் 2.13தான். டிப்ஸ் வைக்க ஆளே இல்லாத நேரத்துக்கு டிப்ஸைக் காரணம் காட்டிச் சம்பளத்தைக் குறைப்பது எப்படி நியாயம்? டிப்ஸ் வராத இப்படிப்பட்ட துணை வேலை ஐந்தில் ஒரு பங்கு நேரத்துக்கு மேல் போனால் கழிவு எடுக்கக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. 2024 ஆகஸ்டில் டெக்சஸுக்கும் சேர்த்துத் தீர்ப்புச் சொல்லும், நியூ ஆர்லியன்ஸில் இருக்கும் ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்துவிட்டது. வழக்குப் போட்டவர்களில் டெக்சஸ் உணவகச் சங்கமும் ஒன்று. ஆகவே கரண்டி சுற்றிய நேரத்துக்கு இன்று சட்டத்தைக் காட்டி உங்களிடம் கேட்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் பரிமாறுவதும் சமையல் வேலையும் இரண்டு தனி வேலை, சமையல் வேலை நேரத்துக்குக் கழிவு கிடையாது என்ற பழைய விதி அப்படியே இருக்கிறது. வெங்காயம் உரித்தது எந்தக் கணக்கு என்று நீங்களே சொல்லுங்கள். என் கட்டைவிரல் நகத்தின் கறை போக வேலையை விட்ட பிறகும் பல வாரம் ஆனது.

தோசை மாஸ்டரை விட்டுவிட்டால் இந்த மடல் நேர்மையானதாக இருக்காது. கல்லுக்கு முன்னால் பத்து மணி நேரம் நிற்பவர் அவர். வாடிக்கையாளர் "தோசை பிரமாதம்" என்று சொல்லி எனக்கு டிப்ஸ் வைப்பார். அவருக்கு ஒன்றும் போகாது. நீங்கள் எங்களுக்கு 2.13 கொடுக்கும் வரை சட்டம் அப்படித்தான்: கழிவு எடுக்கும் கடையில் டிப்ஸைச் சமையல்காரரோடும் பாத்திரம் தேய்ப்பவரோடும் பிரிக்கச் சொல்லி எங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது. முழு 7.25 கொடுத்துவிட்டால் அவர்களையும் பங்கில் சேர்க்கலாம், 2018க்குப் பிறகு அதற்கு இடம் உண்டு. அடுக்களைக்கும் மேசைக்கும் நடுவில் இருக்கும் மனத்தாங்கல் பாதி அன்றோடு தீர்ந்துவிடும். இதை உங்களில் ஒருவராவது யோசித்துப் பார்த்ததுண்டா?

கட்டுபடியாகாது என்பீர்கள். கடை வாடகை, மளிகை விலை, டெலிவரி நிறுவனங்கள் எடுக்கும் கமிஷன் எல்லாவற்றையும் நான் பக்கத்தில் நின்று பார்த்தவள். பாத்திரம் தேய்க்க ஆள் வராத இரவில் முதலாளியின் மனைவி பட்டுச் சேலையைச் செருகிக்கொண்டு தொட்டிக்கு முன்னால் நின்றதையும் பார்த்திருக்கிறேன். உங்கள் கஷ்டத்தைச் சின்னதாகச் சொல்லவில்லை. ஆனால் கலிஃபோர்னியா, வாஷிங்டன், ஓரிகன், நெவாடா, மினசோட்டா, மோன்டானா, அலாஸ்கா என்ற ஏழு மாநிலங்களில் டிப்ஸைக் காட்டிக் கூலியைக் குறைக்கவே முடியாது. கலிஃபோர்னியாவில் 2025இல் குறைந்தபட்சக் கூலி 16.50 டாலர், சர்வருக்கும் அதுதான். அங்கேயும் நம் ஆட்கள் இட்லி தோசைக் கடை நடத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள், அங்கேயும் மேசையில் டிப்ஸ் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. சர்வருக்கும் முழுக் குறைந்தபட்சக் கூலி என்ற இதே மாற்றம் மாசசூசெட்ஸில் 2024 நவம்பரில் வாக்கெடுப்பில் தோற்றது, டிப்ஸ் குறைந்துவிடும் என்று சர்வர்களே சிலர் எதிர்த்தார்கள் என்பதும் உண்மை. பெரிய பாரில் ஒரே இரவில் நூற்றுக்கணக்கில் சம்பாதிப்பவர்களுக்கு அந்தப் பயம் வரலாம். பஃபேத் தட்டு எடுக்கும் எங்களுக்கு இழக்க அவ்வளவு இல்லை.

இந்த நாட்டில் சம்பளத்துக்குப் பதில் டிப்ஸைக் கை காட்டும் பழக்கம் வேர்விட்ட இடங்களில் ஒன்று ரயில். உள்நாட்டுப் போருக்குப் பிறகு, அடிமைத்தனத்திலிருந்து விடுதலையான கறுப்பின ஆண்களைப் புல்மன் கம்பெனி தூங்கும் வசதிப் பெட்டிகளில் வேலைக்கு வைத்தது. சொற்பச் சம்பளம் கொடுத்து மீதியைப் பயணிகள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டது. அவர்கள் 1925இல் சங்கம் சேர்த்து, 1937இல்தான் கம்பெனியோடு ஒப்பந்தம் போட முடிந்தது. பன்னிரண்டு வருடம். நாம் பிழைக்க வந்த நாட்டில் யாரோ பட்ட பாட்டால் நமக்கு உரிமை கிடைத்திருக்கிறது. அவர்களுக்கு எதிராக நின்ற கம்பெனியின் வழக்கத்தை நாம் ஏன் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்?

இன்னொன்று, இது கொஞ்சம் கசப்பாக இருக்கும். சம்பளம் கேட்டால் நீங்கள் உறவு சொல்கிறீர்கள். "நீங்க நம்ம வீட்டு ஆள்க்கா, கணக்குப் பார்க்கலாமா?" பொங்கலுக்குப் புடவை எடுத்துக் கொடுத்தீர்கள், என் மகள் பட்டம் வாங்கியபோது கேக் வெட்டினீர்கள், அதையெல்லாம் நான் மறக்கவில்லை. ஆனால் வீட்டு ஆளிடம்தான் கணக்கு இன்னும் சுத்தமாக இருக்க வேண்டும் என்று என் அப்பா சொல்வார். உறவு சொல்லி முடியாதபோது விசா பேச்சு வருகிறது. என்னிடம் கிரீன் கார்டு இருந்தது, என்னை அப்படி மிரட்ட முடியவில்லை. வேறு பெண்களிடம் பேசியதைக் காதால் கேட்டிருக்கிறேன். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் குடியேற்ற நிலையைப் பார்ப்பதில்லை; செய்த வேலைக்குக் கூலி யாருக்கும் உண்டு. புகார் செய்ததற்காக வேலையை விட்டு நிறுத்துவதும் மிரட்டுவதும் தனிக் குற்றம். இதைப் படிக்கும் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை: கூட்டாட்சித் தொழிலாளர் துறையின் கூலி, வேலை நேரப் பிரிவு எண் 1-866-487-9243. பெயரை வெளியில் சொல்ல மாட்டார்கள். பாக்கிக் கூலிக்கு இரண்டு வருடம் பின்னோக்கிப் போகலாம், முதலாளி தெரிந்தே செய்திருந்தால் மூன்று வருடம்; பாக்கி எவ்வளவோ அதே அளவு இழப்பீடும் கேட்கலாம். நோட்டு எழுதுங்கள்.

இப்போது உங்களிடம் நான் கேட்பது.

அந்தத் தாளை ஒட்டியவர் அதை இந்த வாரமே எடுத்துவிட வேண்டும். அது ஒட்டிய நாளிலிருந்து பிடித்த டிப்ஸ் முழுவதையும், யாரிடம் எவ்வளவு என்று எழுதி, அடுத்த சம்பளத்தோடு திருப்பித் தர வேண்டும். எழுதாமல் பிடிப்பவர்கள் இன்றோடு நிறுத்த வேண்டும். மேனேஜர், பங்குதாரர், மைத்துனர் யாராக இருந்தாலும் டப்பாவிலிருந்து கையை எடுக்க வேண்டும். எழுந்து போன மேசைக்கும் உடைந்த தட்டுக்கும் கடைச் சட்டைக்கும் இனி ஒரு செண்ட் பிடிக்கக் கூடாது.

சம்பளச் சீட்டில் ஒவ்வொரு வாரத்துக்கும் தனித்தனியாக வேலை செய்த மணி, நீங்கள் கொடுத்த கூலி, வந்த டிப்ஸ், 7.25க்குக் குறைந்தது எவ்வளவு, அதை நீங்கள் போட்டது எவ்வளவு என்று ஐந்து எண் அச்சிடுங்கள். பண்டிகை வார ஓவர்டைமை 10.88இலிருந்து கழித்துக் கணக்குப் போடச் சொல்லி உங்கள் கணக்கரிடம் சொல்லுங்கள். கடந்த இரண்டு வருடத்துச் சீட்டுகளை அவரை விட்டே ஒரு முறை பார்க்கச் சொல்லி, குறைந்தவர்களைக் கூப்பிட்டுக் கொடுங்கள். புதிதாகச் சேர்பவரிடம் 2.13 என்ற எண்ணை முதல் நாளே, அவருக்குப் புரியும் மொழியில், எழுத்தில் கொடுங்கள்.

கடை திறப்பதற்கு முன்னும் அடைத்த பின்னும் உள்ள நேரத்துக்கு முழு 7.25 கொடுங்கள். சட்டம் எல்லா வேலைக்கும் அதைக் கட்டாயமாக்கவில்லை, நான் கேட்கிறேன். முடிந்தவர்கள் வரும் பொங்கலிலிருந்து எல்லா நேரத்துக்கும் எல்லோருக்கும் 7.25 கொடுத்து, தோசை மாஸ்டரையும் பாத்திரம் தேய்ப்பவரையும் டிப்ஸில் சேருங்கள். முதலில் ஒரே ஒரு கடை செய்தால்கூடப் போதும், அந்தக் கடையின் பெயரை நான் ஊரெல்லாம் சொல்வேன்.

என் பங்குக்கு, மூன்றரை வருட நோட்டையும் நகல் எடுத்து நான் வேலை பார்த்த இரண்டு கடைகளுக்கும் இந்த மடலோடு அனுப்புகிறேன். கூட்டிப் பார்த்து, தப்பு இருந்தால் எந்தப் பக்கத்தில் என்று காட்டுங்கள். தப்பு இல்லையென்றால், பிப்ரவரி பனி வாரத்து 54.72இலிருந்து ஆரம்பித்து, முப்பது நாளுக்குள் காசோலை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கடையில் சர்வராக இருந்தவள்